தங்கும் நேரம்

வகுப்பில் இதை நான் இப்படித்தான் சொல்வேன்:
குழாய்க்குள் எல்லாரும் ஒன்றாகவே நுழைகிறார்கள்.
உள்பூச்சோடு ஒட்டாதவர் முதலில் வெளியேறுவார்,
ஒட்டுகிறவர் தாமதமாக.
அந்தத் தாமதத்துக்குப் பெயர் தங்கும் நேரம்.
பின்வரிசையில் ஒரு குரல்:
டாக்டர், நீங்க பாடாங் செராய்க்கு வந்து எத்தனை வருஷம்?
இருபத்திரண்டு.
சிரித்தார்கள். நானும்.

ஆய்வகச் சன்னலுக்கு வெளியே செம்பனை.
குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம்
தராசில் நான்காம் தசமம் நடுங்கும்.
நுட்பமாக எடை போட வேண்டுமென்றால்
ஓட்டுநர்கள் தொழுகைக்குப் போகும்
வெள்ளிக்கிழமை மதியம்தான்.
ஊருக்கெல்லாம் விடுமுறை,
எனக்கு மட்டும் நிலம் அசையாத ஒரு மணி நேரம்.

இந்த ஆண்டு இறுதித் திட்டம்
எளிதாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன்:
பசார் மாலாமில் விற்கும் மூட்டுவலி மருந்துகள்,
‘முழுக்க மூலிகை’ என்று எழுதியவை,
பதினான்கு மாதிரி.
யுகேந்திரன் பதின்மூன்று வாங்கி வந்தான்.
பதினான்காவது வீட்டிலிருந்து.
பாதி காலியான டப்பா, மூடியில் மஞ்சள் விரல்தடம்.
அம்மா சாப்பிடறது டாக்டர்,
ஒண்ணும் இருக்காது, சும்மா ஒப்பிட்டுப் பாக்க.

ஆறு புள்ளி எட்டாம் நிமிடம்
திரையில் ஒரு கூம்பு எழுந்தது.
எந்த வேரும் இலையும் போடாத கூம்பு.
தரக்கரைசலின் கூம்பை அதன்மேல் வைத்தோம்,
தோளோடு தோள் பொருந்தியது.
டெக்ஸாமெத்தசோன்.
மாத்திரைக்கு அரை மில்லிகிராம், கொஞ்சம் கூடுதலாகவே.
ஊசியைக் கழுவி மறுபடி செலுத்தினோம்.
மறுபடியும் ஆறு புள்ளி எட்டு.

வெகுநேரம் அவன் கையுறையைக் கழற்றவில்லை.
பிறகு,
அதனாலதான் அம்மா முகம் உப்பிச்சா?
தேறிட்டாங்கன்னு கோயில்ல எல்லாரும் சொன்னாங்களே.

புஷ்பலீலா. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை,
பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி.
மூன்று வருடம் முன்பு
அடுக்குமாடியின் இரண்டாம் படியில் உட்கார்ந்து அழுதவர்.
மருந்து கிடைத்த பிறகு ஒரு நாள் விடுப்பில்லை.
அந்த ஓவர்டைமில்தான் இவனுடைய கல்லூரிக் கட்டணம்,
அந்தக் கட்டணத்தில்தான் என் சம்பளம்
என்பதை நான் பார்க்கிங்கில் வைத்துத்தான் யோசித்தேன்.

இன்னைக்கே குப்பைல போட்டுடறேன் என்றான்.
மாணவர் யாரையும் தொட்டதில்லை நான்.
அன்று அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.
போடாதே.
வெளியிலிருந்து வருகிறதே என்று
உள்ளே சுரப்பி தூங்கியிருக்கும்.
சட்டென்று நிறுத்தினால்
ரத்த அழுத்தம் கிணற்று வாளி மாதிரி இறங்கும்.
கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும்,
டாக்டர் பார்த்துக் குறைக்கணும்.
டாக்டர் என்றால் நான் இல்லை.

கூலிம் மருத்துவமனையில் நாலு மணி நேரம்.
அந்தச் சின்ன வயது மருத்துவர்
என் வரைபடத்தை நேராகப் பிடித்துப் படித்தார்.
முப்பத்தோரு கட்டுரை எழுதியிருக்கிறேன்,
ஒருவர் படிப்பதை எதிரே இருந்து பார்த்ததில்லை.
புஷ்பலீலா என்னைப் பார்த்துக் கேட்டார்:
அப்ப வேலைக்கு எப்படிம்மா நிக்கிறது?
அதற்குத் தரக்கரைசல் எதுவும் என்னிடம் இல்லை.

அமலாக்கப் பிரிவுக்கு அறிக்கை போய்விட்டது.
பதவி உயர்வு விண்ணப்பத்தில்
‘சமூகத் தாக்கம், நூற்றைம்பது சொற்களுக்குள்’
இன்னும் காலி.

நேற்று பசார் மாலாமில்
அதே கடை, கோழிப் பொரியலுக்கு அந்தப் பக்கம் நகர்ந்திருந்தது.
அதே டப்பா, புது லேபில், இருபத்தைந்து வெள்ளி.
முட்டியாக்கா, இடுப்பா? என்றார்.
ரெண்டும் என்றேன்.
பொய்யில்லை.
கைப்பையில் கிடக்கிறது, பதினைந்தாவது மாதிரி.
வெள்ளிக்கிழமை வரட்டும்.
லாரி ஓடாது.